லாங் ஆர்ம் வாங்கலாமா, மேசை மெஷினே போதுமா?

துணித்துண்டுகளை வெட்டி இணைத்து மேல்துணி ஆக்கும் வரை குவில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வை வேலை சுகமாகப் போகும். அதன்பிறகு நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி வைத்து மூன்றையும் ஒன்றாகத் தைக்க வேண்டும். பலருடைய போர்வைகள் அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். வீட்டுத் தையல் மெஷினுக்குள் பெரிய போர்வையை நுழைத்துத் திருப்புவது அவ்வளவு பெரும்பாடு. அந்தச் சலிப்பில் யூடியூப் பக்கம் போனால், பத்தடி நீள ஃபிரேமில் துணியைக் கட்டி, லாங் ஆர்ம் என்னும் நீண்ட கையுள்ள மெஷினால் ஒருவர் நின்றபடியே ஒரு பிற்பகலில் முழுப் போர்வையைத் தைத்து முடிப்பதைப் பார்க்கிறோம். உடனே ஆசை வந்துவிடுகிறது. விலையைத் தேடினால் பழைய கார் ஒன்று வாங்கும் தொகை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே மலேசியாவில், பினாங்கிலோ கோலாலம்பூரிலோ தன் வீட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும் தைப்பவருக்கு ஃபிரேம் போட்ட லாங் ஆர்ம் தேவையில்லை. உட்கார்ந்து தைக்கும், ஊசிக்கும் தூணுக்கும் நடுவில் 16 முதல் 20 அங்குல இடமுள்ள மேசை மெஷின் போதும். பிறருடைய போர்வைகளைக் கூலிக்கு முடித்துத் தரப்போகிறவர்களுக்கு ஃபிரேம் வேண்டும். தோளும் முதுகும் ஒத்துழைக்காதவர்களுக்கும் அது வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டு மெஷினின் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அளந்து பார்த்தால் புரியும். நம் ஊர் குயீன் கட்டில் 5 அடிக்கு 6 அடி 3 அங்குலம். இரு பக்கமும் ஓரடி தொங்கவேண்டும் என்றால் போர்வையின் அகலம் 84 அங்குலம். அதன் நடுவில் தைக்கும்போது 42 அங்குலத் துணியும் பஞ்சும் சுருண்டு, ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவில் உள்ள இடத்தில் அடங்கவேண்டும். சாதாரண மெஷினில் அந்த இடம் ஆறேழு அங்குலம். குவில்ட்டுக்கென்றே வாங்கும் ஜூக்கி டிஎல்-2010கியூ போன்ற நேர்த்தையல் மெஷினில்கூட எட்டரை அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சுருளை உள்ளே திணித்தபின் கை நகர மிச்சமிருக்கும் இடம் உள்ளங்கை அகலம். போர்வையின் மறுபாதி மேசையிலிருந்து சரிந்து தரையை நோக்கி இழுக்கும். அந்த இழுப்பில்தான் ஒரு தையல் நீளமாகவும் அடுத்தது பொடியாகவும் விழுகிறது. கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்து வருந்துகிறோம். பாதிக் காரணம் போர்வையின் எடை. மெஷினின் இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்தில் ஒரு மேசையை ஒட்டிப் போட்டுப் பாருங்கள், தையல் அன்றே சீராகும். காசு செலவழிக்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

இதே மெஷினில் பெரிய போர்வை முடிக்க இன்னொரு வழியும் உண்டு. மேல்துணியின் ஒவ்வொரு கட்டத்தையும் பஞ்சோடும் அடித்துணியோடும் தனித்தனியாகத் தைத்துவிட்டு, கடைசியில் கட்டங்களை இணைப்பது. எட்டு அங்குல இடமே தாராளம். இணைப்புகள் பின்பக்கம் தெரியும், சற்றுத் தடிமனாகவும் இருக்கும். குழந்தைப் போர்வைக்கும் மடியில் போட்டுக்கொள்ளும் போர்வைக்கும் அது ஒரு குறையே இல்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு தைப்பவர் இதோடு நின்றுகொள்ளலாம்.

தையல்கடைகளில் இருக்கும் வேக மெஷினைப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நேர்க்கோடு அடிப்பதற்கு அருமையான மெஷின்தான். ஆனால் வளைவும் சுழியுமாகத் தைக்க அடியில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கவேண்டும். வேக மெஷினில் ஒரு பொத்தானைத் தட்டி அதைச் செய்ய முடியாது.

அடுத்தது மேசை மெஷின். ஹேண்டி குவில்ட்டரின் ஸ்வீட் சிக்ஸ்டீனில் 16 அங்குல இடம், பெர்னினா கியூ 20இல் 20 அங்குலம். ஊசி நிலையாக நிற்கும், துணியை இரு கையாலும் நகர்த்துவது நாம்தான். வீட்டு மெஷினில் பழகிய கைக்குப் புதிதாகக் கற்கவேண்டியது குறைவு. மெஷின் மேசைக்குள் இறங்கி இருப்பதால் போர்வையின் எடையை மேசை தாங்கும். 42 அங்குலச் சுருள் உள்ளே போனபிறகும் கை சுழல இடமிருக்கும். ஒரு தொல்லை மட்டும் மாறாது. மூன்று அடுக்கையும் முன்கூட்டியே தரையில் விரித்து, ஊக்கு குத்தியோ பசை தெளித்தோ பிடிக்கச் செய்யவேண்டும். முட்டி மடித்துத் தரையில் தவழ்வது இளம் வயதில் சரி.

ஃபிரேம் மெஷின் வேலை செய்யும் விதமே வேறு. வாசலில் கோலம் போடும்போது தரை அசையாது, கைதான் நகரும். அதுபோல இங்கே துணி உருளைகளில் இழுத்துக் கட்டி நிற்கும். சக்கரத்தில் ஓடும் மெஷினின் தலையை நாம் பிடித்து நகர்த்துகிறோம். அடித்துணியை உருளையில் தொங்கும் கித்தான் பட்டையில் ஊசி குத்திச் சேர்ப்பார்கள். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. தரையில் விரித்து ஊக்கு குத்தும் வேலை முழுதாகத் தீர்ந்துவிடுகிறது. ஃபிரேமின் மிகப் பெரிய வரம் இதுதான் என்பேன். வேகம் அடுத்தபடிதான்.

ஸ்டிட்ச் ரெகுலேட்டர் என்று ஒன்று இதில் இருக்கும். கையின் வேகத்தைச் சக்கரத்தில் உள்ள உணரி அளந்து, நாம் வேகமாக நகர்த்தினால் ஊசியையும் வேகமாக ஓட்டும், நிதானித்தால் நிதானிக்கும். ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று வைத்தால் எங்கும் பத்தே விழும். பின்பக்கம் நின்று, காகிதத்தில் அச்சிட்ட கோட்டின்மேல் சிவப்பு லேசர் புள்ளியை ஓட்டிக்கொண்டே போனால் முன்பக்கம் அதே வடிவம் தைக்கப்படும். கணினி பொருத்தியதில் அந்த வேலையும் இல்லை. மெஷின் தானே தைக்கும். நூல் அறுகிறதா, பாபினில் அடிநூல் தீர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

விளம்பரத்தில் 18 அங்குலம் என்று படித்து அத்தனையும் தைக்கக் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தைத்த பகுதி உருளையில் சுற்றச் சுற்ற அது தடித்து, மெஷினின் கைக்கு அடியில் உள்ள இடத்தைத் தின்னும். போர்வையின் முடிவுக்கு வரும்போது பதின்மூன்று, பதினான்கு அங்குலம்தான் மிஞ்சும். கூலிக்குத் தைப்பவர்கள் 24, 26 அங்குலம் என்று போவதற்கு இதுவே காரணம். நீளத்திலும் அப்படித்தான். 8 அடி ஃபிரேமில் 96 அங்குலமும் தைக்க வராது, தலை நிற்பதற்கே இரு ஓரத்திலும் இடம் போகும்.

இனி நம் வீட்டுச் சங்கதி. நம்மவர்கள் தைக்கும் போர்வைகளில் பாதியாவது பழைய சேலையில் தொடங்குகிறது. அம்மாவின் சுங்குடி, பாட்டியின் நூல் சேலை, இறந்துபோனவர்களின் நினைவாகப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு போர்வை. ஒரு நூல் சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம், அகலம் 45. பாதியாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் 108க்கு 89 அங்குல அடித்துணி கிடைக்கும். மேலே சொன்ன 84 அங்குலப் போர்வைக்கு மேசை மெஷினில் இது அழகாகப் போதும். ஃபிரேமில் ஏற்ற நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதல் துணி கேட்பார்கள், அகலம் 92 ஆகவேண்டும். மூன்று அங்குலம் குறைகிறது. நடுவில் வேறு துணியில் ஒரு பட்டை வைத்து இணைக்கவேண்டியதுதான். நடுவில் வரும் பட்டை பார்க்கவும் அழகாக இருக்கும், ஆனால் கட்டாயத்தின் பேரில் வைப்பது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பலமுறை துவைத்து நைந்த சேலை என்றால் ஃபிரேமின் இழுவிசையில் ஊசி குத்திய விளிம்பில் கிழியும். விளிம்பைச் சுற்றிப் புதுத்துணி தைத்து, அதைத்தான் உருளையின் கித்தான் பட்டையில் சேர்க்கவேண்டும்.

பட்டுச் சேலை இரண்டு மெஷினுக்கும் சோதனை. ஜரிகை ஊசியை மழுக்கும், நூலை அறுக்கும். வேகமாக ஓடும் லாங் ஆர்மில் அது அடிக்கடி நடக்கும். ஜரிகைக் கரையை ஒதுக்கிவிட்டு உடலை மட்டும் தைப்பது, கரையின்மேல் கையால் நாலு ஓட்டுத்தையல் போடுவது, இதுதான் நான் சொல்லும் வழி. ஜார்ஜெட், ஷிஃபான் எல்லாம் பின்னால் ஒட்டுத்தாள் வைத்து இஸ்திரி போட்டபிறகே வெட்டவேண்டும்.

இடம். இங்கேதான் முக்கால்வாசிப் பேருக்கு முடிவு தானாகவே வந்துவிடும். பத்தடி ஃபிரேமைச் சுற்றி நடக்க வழிவிட்டால் அறையின் நீளம் 12, 13 அடி ஆகவேண்டும். லேசர் புள்ளியை ஓட்டப் பின்பக்கமும் நிற்கவேண்டும் என்பதால் அகலத்தில் எட்டடியாவது வேண்டும். 700 சதுர அடி அடுக்குமாடி வீட்டில் அது வரவேற்பறையையே விழுங்கும். 20க்கு 70 அடி மாடி வரிசைவீடு என்றால் மேலே முன்அறையில் வைக்கலாம், ஆனால் அந்த அறை வேறு எதற்கும் ஆகாது. தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து வரும் சொந்தங்கள் வேறு எங்காவது படுக்கவேண்டும். கார் நிறுத்தும் முன்வாசலையோ பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறையையோ மனத்தில் வைத்திருப்பவர்கள் தரையைச் சரிபாருங்கள். மழைத்தண்ணீரும் கழுவும் தண்ணீரும் ஓடுவதற்காக அங்கே தரையைச் சாய்வாகப் போட்டிருப்பார்கள். ஃபிரேம் மட்டமாக நிற்காவிட்டால் கையை எடுத்ததும் மெஷினின் தலை பள்ளத்தைப் பார்த்து உருளும். கால்களில் உயரம் சரிசெய்யும் திருகு உண்டென்றாலும் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அடுக்குமாடியில் லிஃப்டின் உள்நீளத்தையும் நடைபாதைத் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள், ஃபிரேமின் கம்பிகள் நீளமானவை. இரவு பத்து மணிக்குமேல் மெஷின் அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மேசை மெஷினுக்கு ஒரு சாப்பாட்டு மேசைக்குரிய இடமும், பின்னால் போர்வை சாய ஒரு மடக்கு மேசையும் போதும்.

மின்சாரம், ஈரம், மின்னல் மூன்றும் நம் ஊருக்கே உரியவை. லாங் ஆர்ம் செய்யும் பெரிய நிறுவனங்களான கேமில், ஏபிகியூஎஸ், இன்னோவா, ஹேண்டி குவில்ட்டர் எல்லாம் அமெரிக்க நிறுவனங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. சில மெஷின்கள் 100 முதல் 240 வரை தாமே ஏற்கும், சிலவற்றுக்கு மின்மாற்றி வேண்டும். பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் பிளக் குத்தக்கூடாது. மழைக்காலத்துப் பிற்பகலில் இடி இடித்தால் கணினி பொருத்திய மெஷினின் பிளக்கைக் கழற்றிவிடவேண்டும், சுவிட்சை அடைப்பது மட்டும் போதாது. கடலோரக் காற்றில் பாபின் பெட்டியும் ஊசித்தகடும் துருப்பிடிக்கும். தினமும் தைத்தால் எண்ணெய் ஏறிக்கொண்டே இருக்கும், துரு அண்டாது. மாதக்கணக்கில் மூடிவைத்தால்தான் ஆபத்து. பருத்திப் பஞ்சை உறையைப் பிரித்தபடி வைத்தால் பூஞ்சை வாடை வரும், அது போர்வையிலும் தொடரும்.

இப்போது பணம். அமெரிக்காவில் தொடக்கநிலை ஃபிரேம் மெஷின் 5,000 டாலருக்கு மேல். கணினியோடு பெரியது வாங்கினால் 40,000 டாலரைத் தாண்டும். நல்ல மேசை மெஷினும் ஆயிரக்கணக்கான டாலர்தான். ஆக, சிறிய ஃபிரேமுக்கும் மேசை மெஷினுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை; இடத்தையும் வேலையின் தன்மையையும் வைத்தே முடிவெடுக்கவேண்டும். நேரடியாக வரவழைப்பவர்கள் டாலரை வெள்ளியாக (ரிங்கிட்) மாற்றிப் பார்த்துவிட்டு அத்தோடு விடக்கூடாது. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைமீதுதான் சுங்கத்துறை வரியைக் கணக்கிடும். தையல் மெஷின்களுக்கான சுங்கக் குறியீடு 8452 என்ற தலைப்பில் வரும். ஆர்டர் செய்யும் முன் அந்த எண்ணைச் சொல்லி வரி எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து வீடுவரை ஏற்றிவரும் லாரிக் கூலி தனி.

கூலிக்குத் தைத்தால் போட்ட காசை எடுத்துவிடலாமா? ஒரு பேச்சுக்கு, எல்லாம் சேர்த்து 40,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு போர்வைக்கு 150 வெள்ளி கூலி. நூல், ஊசி, மின்சாரம் போக 120 நிற்கும். 40,000ஐ 120ஆல் வகுத்தால் 333 போர்வைகள். வாரத்துக்கு இரண்டு வந்தால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை உங்கள் உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்காவில் சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று சென்ட் என்று வாங்குகிறார்கள். 60க்கு 80 அங்குலப் போர்வைக்கே 96 முதல் 144 டாலர் வரை வரும். அந்தக் கூலியை இங்கே கேட்டால் தருகிறவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் வாட்சாப் குழுவில் முதலில் கேட்டுப் பாருங்கள். மலாய்க்காரப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிக் கட்டில் விரிப்புகளுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. அவர்களில் மேல்துணி மட்டும் தைத்து வைத்திருப்பவர்களைத் தேடிப்பிடித்தால் நம் வட்டத்துக்கு வெளியிலும் வேலை கிடைக்கும். தொழிலாகச் செய்வதென்றால் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்னும் நிறுவன ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. நகராண்மையிடம் உரிமம் பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலுக்கு டெக்குன் என்னும் அரசுக் கடன் நிறுவனத்தின் ஸ்பூமி போன்ற இந்திய தொழில்முனைவோர் கடனுதவியை விசாரிக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் எப்போதும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு இருக்கிறதே, அதிலிருந்து எடுத்து மெஷின் வாங்கலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக வாங்கும் மெஷின் என்றால் வேண்டவே வேண்டாம். வயதான காலத்தில் அந்தப் பணம் தேவைப்படும்.

இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாத ஒரு நிலைமை உண்டு. புக்கிட் மெர்தாஜாமில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு வலது தோள் இறுகிப்போய்க் கை மேலே எழாது. உட்கார்ந்து போர்வையைத் தள்ளித் தைத்தால் கால்மணி நேரத்தில் வலி தொடங்கிவிடும். ஒரு கடையில் ஃபிரேம் முன்னால் அவரை நிறுத்தி, இடுப்பு உயரத்தில் பிடிகளைக் கொடுத்தோம். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்தபடி, தோளை விட்டுவிட்டு உடம்பையே இடமும் வலமும் சாய்த்து மெஷினை நகர்த்தினார். "ஏம்மா, இதுல எனக்குத் தோளே வேணாம் போலிருக்கே" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபிறகு அவரிடம் லாபநட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை. வீடு இடம் கொடுத்தால் இப்படிப்பட்டவர்கள் சிறிய ஃபிரேமை தாராளமாக வாங்கலாம். அதற்கு நேர்மாறாக, நெடுநேரம் நிற்க முடியாத மூட்டுவலிக்காரர்களுக்கு மேசை மெஷினே பொருந்தும்.

இரண்டையும் வாங்காமல், லாங் ஆர்ம் வைத்திருப்பவரிடம் கூலி கொடுத்து முடித்துக்கொள்வதும் ஒரு வழி. மேல்துணியை இஸ்திரி போட்டு, நூல் நுனிகளை நறுக்கி, ஓரங்களை நேராக்கி, பெரிய அடித்துணியோடு அனுப்பவேண்டும். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குத் தபாலில் போய்வரும் செலவைச் சேர்த்தாலும் மெஷின் விலைக்கு அருகில் வராது. நான் இதைப் பெரிதும் சிபாரிசு செய்வது இன்னொரு காரணத்துக்காக. முடிந்து வந்த போர்வையைப் பிரித்துப் பார்க்கும்போது, "நானே தைத்திருந்தால் இந்த மூலையில் ஒரு மாங்காய் வடிவம் போட்டிருப்பேன்" என்று கை துறுதுறுத்தால் மேசை மெஷின் வாங்குங்கள். "அப்பாடா, முடிந்தது" என்று நிம்மதி வந்தால், உங்களுக்குப் பிடித்தது துண்டு இணைக்கும் வேலைதான். கூலியையே கொடுத்துக்கொண்டிருங்கள், மிஞ்சும் பணத்துக்குப் பினாங்கு லிட்டில் இந்தியாவின் லெபோ பாசாரில் நல்ல துணியாக வாங்கலாம்.

பழைய மெஷின் விலைக்கு வந்தால் நான்கு விஷயங்களைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பல மெஷின்களில் இதுவரை போட்ட தையல் எண்ணிக்கை திரையில் தெரியும், கேளுங்கள். சக்கரங்களை விரலால் சுழற்றித் தட்டையான இடம் இருக்கிறதா என்று தடவுங்கள். ஒரே இடத்தில் நெடுநாள் நின்ற மெஷினில் அது இருக்கும், கோடு துள்ளும். அடியில் நூலைக் கொக்கி பிடிக்கும் இடத்தில் கீறல் இருந்தால் நூல் ஓயாமல் அறும். கணினி இருந்தால் அதன் மென்பொருள் உரிமம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

புதியதோ பழையதோ, கடைக்குப் போகும்போது அவர்கள் கொடுக்கும் மாதிரித் துணியில் தைத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அது எல்லா மெஷினிலும் நன்றாகத்தான் வரும். சேலை அடித்துணியும் பருத்திப் பஞ்சும் வைத்து ஒரு கெஜ அளவில் நீங்களே தயார்செய்து கொண்டுபோங்கள். பாபினை நீங்களே மாற்றுங்கள், நூலை நீங்களே கோத்துக்கொள்ளுங்கள், அரைமணி நேரமாவது தையுங்கள். கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வி: கோளாறு என்றால் மெக்கானிக் வீட்டுக்கு வருவாரா, எங்கிருந்து வருவார், உதிரிப்பாகம் இங்கே இருக்கிறதா அல்லது வரவழைக்கவேண்டுமா? சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த மெஷின் வேண்டாம். சற்று விலை கூடினாலும் அருகிலேயே ஆள் உள்ள மெஷினை வாங்குங்கள்.